வெளிச்சுவர் பிளக் பாயின்ட்டும் பெரியப்பாவின் கண்ணீரும்

ஒரு வீட்டில் பேய் நடமாடுகிறது என்று செய்தி வந்தால் மற்ற நிருபர்கள், "பார்த்தது யார்?" என்று கேட்பார்கள். நான் "அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தது யார்?" என்று கேட்பேன். இந்தப் புத்தி எனக்குப் பத்திரிகை ஆபீசில் வந்ததல்ல. எண்பதுகளில் ஓர் ஐப்பசிப் பிற்பகலில், மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்தது. அங்கே தோன்றிய பேய்க்கு ஒயரிங் செய்தவன் நான்.

எனக்கு அப்போது இருபது வயது. ஒயர்மேன் படிப்பு முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். (வேலைதான் யாரும் கொடுக்கவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.) அக்கா செல்விக்கு இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு இண்டூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவளுக்கே பிடித்த இடம். நிச்சயத்துக்கு மைக் செட்டும் சீரியல் பல்பும் வேண்டும். ஊரில் எல்லோரும் ஜன்னல் வழியாக ஒயரை வெளியே விடுவார்கள்.

"வெளிச்சுவத்துலயே மழைக்குத் தாங்குற பிளக் பாயின்ட் வெச்சுடலாம்பா" என்றேன்.

"ஆளு யாரையாச்சும் கூப்புடட்டுமா?" என்றார் அப்பா.

"அப்ப நான் யாருப்பா?"

அப்பா என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

தருமபுரியில் எலக்ட்ரிக் கடை பாய், மூடி போட்ட இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அடியில சின்னதா ஓட்டை இருக்குதுங்க தம்பி, அது என்னாத்துக்குன்னா..." என்று ஆரம்பித்தார். "தெரியுங்க பாய்" என்றேன். (தெரியாது.)

வீட்டுக்கு வந்து பார்த்தால் உண்மையிலேயே ஓட்டை. மழைக்குத் தாங்கும் பெட்டியில் ஓட்டை விட்ட கம்பெனிக்காரனை மனதுக்குள் திட்டிவிட்டு, ஜன்னல் கண்ணாடிக்குப் பூசும் மக்கு வைத்து அடைத்தேன். குழந்தைகள் கை படாதிருக்கப் பெட்டியை உயரத்தில் வைத்தேன். ஏணி மேல் நின்று உளியைக் கீழ்நோக்கி அடித்ததில், ஒயர் போகும் குழாய்க்கான துளை வெளியிலிருந்து வீட்டுக்குள் சரிந்து இறங்கியது. உள்ளே அது முடிந்த இடத்தில் ஒயர்களை முடிச்சுப் போட்டு ஒரு சிறு பெட்டிக்குள் திணித்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. பெரியப்பாவின் படத்தை அதன் மேல் மாட்டி, அங்கிருந்தே ஒயர் இழுத்துப் படத்துக்கு ஒரு சிவப்பு பல்பும் போட்டேன்.

பெரியப்பா இறந்து மூன்று வருடமாகியிருந்தது. இண்டூரில் வாங்கிய மாடு வீடு வந்து சேரும் முன்பே படுத்துவிட்டதிலிருந்து, "அந்த ஊருக்கு மட்டும் பொண்ணு குடுக்காதீங்கடா" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தவர். இது இண்டூருக்கும் தெரியும்.

நிச்சய நாள், பிற்பகல் மூன்று மணி. வானம் சாம்பல் நிறமாகி, கூடத்தில் முகங்கள் மங்கின. மேற்கிலிருந்து மழை சாய்ந்து அடித்தது. மாப்பிள்ளையின் அத்தை, அவரை வளர்த்தவர், தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார்.

முதலில் பாட்டு நின்றது. பந்தலில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, தொண்டை கட்டிய மனிதரைப் போல் தாழ்ந்த குரலில் முனக ஆரம்பித்தது. அடுத்து, பெரியப்பா படத்தின் மேலிருந்த சிவப்பு பல்பு தானாக எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. நான் சுவிட்சைப் பார்த்தேன். அணைத்தபடியே இருந்தது.

"படத்தப் பாருங்க" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

சட்டத்தின் மேலிருந்து ஒரு நீர்க்கோடு கண்ணாடியில் இறங்கி, இடது கண்ணில் தயங்கி, கன்னத்தில் வழிந்து மீசையில் சொட்டியது. பிறகு வலது கண். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கூரையில் ஈரம் இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் பெரியப்பா அழுதுகொண்டிருந்தார்.

அத்தை பின்வாங்கிச் சுவரில் கை ஊன்றி, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "உள்ளயிருந்து யாரோ கையப் புடிக்கிறாங்க!"

மழையும் அந்த முனகலும் மட்டும் கேட்டன.

"அந்த மனுசன் வேண்டாமுன்னது எங்களுக்கும் தெரியுங்க. கெளம்பலாம்" என்று தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. பிளக் செருகியதால் மூடி திறந்தே இருக்கிறது. பெட்டி நிரம்புகிறது. வெளியேறும் ஓட்டையை நான் அடைத்துவிட்டதால் தண்ணீர் என் குழாய் வழியாகப் பெரியப்பாவிடம் வருகிறது. நனைந்த முடிச்சுகளில் கசியும் கரண்ட் பல்பை எரியவிடுகிறது, ஈரச் சுவரில் கை வைத்தவரைப் பிடிக்கிறது. ஆனால் பேய் என்றால் என் மானம் தப்பும். கேவலம், ஒரு நிமிடம் முழுதாகப் பேசாமல் நின்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "சுவத்துல என்னடா பண்ணித் தொலச்ச?"

சொன்னேன். யாரும் நம்பவில்லை. "அக்காவுக்காவ பொய் சொல்லுது, பாவம்" என்றார் அத்தை. ஓடிப்போய் மெயின் பியூஸைப் பிடுங்கினேன். பல்பு அணைந்து, முனகல் நின்றது. அது இன்னும் மோசமாகப் போயிற்று. "பாத்தீங்களா, நாம கெளம்புறோமுன்னதும் அடங்கிட்டாரு!" என்றார் அத்தை.

மழையில் ஏணி வைத்து ஏறினேன். இரண்டு ஊர்க்காரர்களும் பந்தலில் நின்று அண்ணாந்து பார்க்க, ஆணியால் மக்கைக் குத்தினேன். பெட்டியிலிருந்த தண்ணீர் மொத்தமும் பீய்ச்சி என் வாய்க்குள் போனது. (துருவின் சுவை இன்னும் நினைவிருக்கிறது.) சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "அத்தே, அழுவுறது நின்னு போச்சுங்க!"

அத்தை என்னை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லி, தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "பெரியவரு மேல தப்பில்லீங்க. தட்ட மாத்திக்கலாம். ஆனா நிச்சயத் தாள்ல ஒண்ணு சேத்து எழுதணும். பொண்ணோட தம்பி எங்க வூட்டுக் கரண்ட்டு மேல கை வெக்கக் கூடாது."

அப்பா யோசிக்கவே இல்லை. முதல் கையெழுத்து அவருடையது.

அந்தத் தாளை இண்டூரில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மழையில் கரண்ட் போனால், "மாமா எங்க உக்காந்திருக்காருன்னு பாருங்க" என்று அக்கா பிள்ளைகள் கத்துகிறார்கள். அக்கா டார்ச் லைட்டைத் தானே எரியவிட்டுத்தான் என் கையில் தருவாள். அணைப்பதற்கும் அவளே வந்து வாங்கிக்கொள்வாள்.