மணிக்கு இருநூற்று நாற்பது

கிளாட்சன் சார் போர்ட்டிகோவில் மல்லாந்து படுத்து, கார் டயரின் பள்ளத்துக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இட்லி ஆறுது," என்றாள் ஜூலியட் வாசலில் நின்றபடி.

"ஜூலி, இங்க வாயேன். காசு நிக்கவே மாட்டேங்குது பாரு. பள்ளமே இல்ல."

"அதைத்தானே சான்ட்ரா போன மாசமே சொன்னா. மொட்டையாயிடுச்சுன்னு."

"மொட்டைன்னு சொல்லக்கூடாது. ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டருக்குக் கீழ போயிடுச்சுன்னு சொல்லணும்."

பொறையாறு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷமாக இயற்பியல் எடுப்பவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். அளந்துவிட்டால் யாருக்காவது விளக்காமல் விடமாட்டார்.

மகள் சான்ட்ராவுக்குத் தஞ்சாவூரில் வங்கி வேலை. அவள் முந்தின நாள் போனில் பேசியது இன்னும் அவர் காதிலேயே நின்றது.

"அப்பா, போன தடவை இங்க வந்து சேர உங்களுக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு. கல்யாண விருந்துல மோர் மட்டும்தான் மிச்சமிருந்தது. ஞாயித்துக்கிழமை பத்தரைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீங்கதான் அவனைக் கையில வாங்கி போதகர்கிட்ட குடுக்கணும். லேட்டானா மாமனார் வாங்கிக்குவார். சொல்லிட்டேன்."

"ஏம்மா லேட்டாகப் போகுது?"

"இன்னொண்ணு. லேட்டா வந்தா வண்டியை வித்துடணும். நீங்க ஸ்கூலுக்கு பஸ்ல போறீங்க. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. வாரம் முழுக்கச் சும்மா நிக்கிற வண்டி எதுக்கு?"

மாமனார் நல்ல மனிதர்தான். ஆனாலும் பேரனை முதலில் அவர் வாங்கிக்கொள்வதை நினைத்தபோது கிளாட்சன் சாருக்கு இட்லி இறங்கவில்லை. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஜூலியட்டையும் ஏற்றிக்கொண்டு மயிலாடுதுறைக்குக் கிளம்பினார்.

ஜூலியட் வழக்கம்போல் பக்கத்து சீட்டில் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். வலது கால் மட்டும் தரையை அழுத்தியபடி இருந்தது. பாவம், பயத்தில் பிரேக் போடுகிறாள் என்று நினைத்து, நாற்பதில் போன வண்டியை அவர் முப்பத்தைந்துக்கு இறக்கினார்.

டயர் கடை காதர் மைதீன் நான்கு சக்கரத்தையும் கழற்றி உருட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு ஓடியிருக்கு சார்?"

"மீட்டர் நாப்பத்தெட்டாயிரம் காட்டுது பாய். ஆனா நான் ஓட்டினது முப்பதாயிரத்தைத் தாண்டாது. அது ஏன்னு சொல்றேன். டயர் தேய்ஞ்சா சக்கரத்தோட சுற்றளவு குறையும். அதே தூரத்துக்கு அதிகத் தடவை சுத்தணும். மீட்டர் என்ன பண்ணும்? சுத்தைத்தான் எண்ணும்."

காதர் மைதீன் சற்று யோசித்தார். "அது நூத்துக்கு ரெண்டு வருமா சார்? மிச்சப் பதினேழாயிரம் எங்கேருந்து வந்துச்சு?"

"மீட்டர் கோளாறு."

"வெளி ஓரம் வேற இப்படித் தேஞ்சிருக்கு. வளைவுல வேகமா ஒடிச்சாத்தான் இப்படி ஆகும்."

கிளாட்சன் சார் வாய்விட்டுச் சிரித்தார். "என் வண்டியா? வேகமாவா? ஜூலி, கேட்டியா!"

ஜூலியட் சுவரில் தொங்கிய காலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தாள்.

"சரி சார். உங்க அளவுல டி இருக்கு. நாலும் மாட்டிடவா? ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

அங்கேதான் வினை ஆரம்பித்தது. கிளாட்சன் சார் பழைய டயரின் பக்கவாட்டில் விரலை வைத்தார்.

"பாய், இங்க என்ன எழுதியிருக்கு? எண்பத்தெட்டு, எச். எண்பத்தெட்டுன்னா ஒரு டயர் ஐநூத்தறுபது கிலோ தாங்கும். எச்சுன்னா மணிக்கு இருநூத்திப்பத்து வரைக்கும் தாங்கும். டி நூத்தித்தொண்ணூறுதான். கம்பெனி குடுத்ததுக்குக் கீழ இறங்கக்கூடாது."

"சார், நீங்க நாப்பதுல போறீங்க."

"அது கேள்வி இல்ல பாய். இது வேகத்தோட கணக்கே இல்ல, சூட்டோட கணக்கு. கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா சுடுதுல்ல? டயரும் தரையில படுற இடத்துல மடங்கி, மேல போறப்ப நிமிருது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு மடக்கு. வேகம் கூடினா மடக்கு கூடும், மடக்கு கூடினா சூடு கூடும். அந்தச் சூட்டை எதுவரைக்கும் தாங்கும்கிறதுதான் இந்த எழுத்து."

பஞ்சர் ஒட்ட வந்திருந்த லோடு ஆட்டோ வீரையன் மெல்ல நெருங்கி வந்தார். பின்னாலேயே இன்னும் நான்கு பேர். இப்படி ஒரு வகுப்பு அமைந்துவிட்டால் கிளாட்சன் சாருக்கு மணி அடித்தாலும் கேட்காது.

"எஸ், டி, யு, அப்புறம்தான் எச். அதுக்கப்புறம் வி. அது இருநூத்திநாற்பது. எச் மட்டும் எழுத்து வரிசையை விட்டுட்டு நடுவுல வந்து உட்கார்ந்திருக்கு பாருங்க!"

"அப்ப என் வண்டிக்கு எச்சா, வியா சார்?" என்றார் வீரையன்.

"உன் வண்டிக்கு முதல்ல ஹாரன் இருக்கா பாரு," என்றார் காதர் மைதீன்.

முக்கால் மணி நேரத்தில், டயர் மாற்ற வந்த மூன்று பேர் "எழுத்தைப் பார்த்துட்டு அப்புறம் வர்றோம் பாய்" என்று கிளம்பிவிட்டார்கள். காதர் மைதீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், வெள்ளிக்கிழமை திருச்சியிலேருந்து எச் வரவைக்கிறேன். இப்ப தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க."

மொட்டை டயரையே மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை எச் வரவில்லை. வந்தது நான்கும் வி.

"வேற வழியில்ல சார். உசந்ததுதான், குறைஞ்சது இல்ல. எச் விலைக்கே தர்றேன்."

கிளாட்சன் சார் குழம்பினார். உயர்ந்ததைப் போடலாம் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் நாற்பதில் போகிற வண்டிக்கு இருநூற்று நாற்பது டயர் என்றால், சளிக்காக அப்பல்லோவில் படுத்துக்கொள்வது மாதிரி இல்லையா? எச் திங்கட்கிழமைதான் வருமாம். ஞானஸ்நானம் ஞாயிறு.

"வியே போடுங்க பாய்," என்றாள் ஜூலியட்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சூடு தாங்கணும்ல," என்றாள் அவள், சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி.

கிளாட்சன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷ இல்லற வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரு விளக்கம் அவள் மனசில் ஏறியிருக்கிறது. அவளுக்கும் வண்டி மேல் கவனம் உண்டு என்பதை அவர் ஏற்கெனவே யூகித்திருக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து டயரைத் தொட்டபோது சுட்டது. வண்டியோ காலையிலிருந்து நிழலில் நின்றது. "கருப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சும்ல," என்று ஜூலியட்தான் உடனே எடுத்துக்கொடுத்தாள். மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் அதையே உதாரணமாகச் சொன்னார்.

டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு இலக்கத்தில் இருக்கும். நான்கு டயருக்கும் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் மாட்டவிட்டார். "பேரனுக்குக்கூட இவ்வளவு சர்ட்டிபிகேட் பார்க்கலைங்க," என்றாள் ஜூலியட்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். வாசல் வரை வந்து வழியனுப்பிய காதர் மைதீன் வாய் தவறி ஒன்று சொன்னார்.

"புது டயர்ல மேல ஒரு வழுவழுப்பு இருக்கும் சார். முதல் நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் கொஞ்சம் மெதுவா..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கிளாட்சன் சாரின் முகம் ஏற்கெனவே மலர்ந்திருந்தது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே கிளம்புவது என்று திட்டம். ஆனால் டயரில் காற்றை அளப்பதென்றால் ஓடுவதற்கு முன்னால், குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். நான்கையும் அளந்தார். ஒன்றில் அரை பவுண்டு காற்று கூட இருந்தது. அதை இறக்கப் போய் இரண்டு பவுண்டு இறங்கிவிட்டது. கால் பம்ப்பைத் தேடி எடுத்து மிதித்தார். சட்டை நனைந்துவிட்டது. வேறு சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியதாயிற்று. அப்புறம் ஸ்டெப்னி ஞாபகம் வந்தது. வீட்டைவிட்டு வண்டி நகர்ந்தபோது மணி ஆறேமுக்கால்.

"பரவால்ல ஜூலி. மூணே முக்கால் மணி நேரம் இருக்கு."

"முப்பத்தஞ்சுல போனா?"

"முப்பதுலதான் போகணும். வழுவழுப்பு இருக்கே."

ஜூலியட் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு தனியார் பஸ் முந்தியது. மீன் கூடை கட்டிய மொபெட் முந்தியது. வீரையனின் லோடு ஆட்டோ வாழைத்தார்களோடு முந்தியது; புது ஹாரனை இரண்டு தடவை அடித்து மரியாதை செய்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிளாட்சன் சார் ஓரம்கட்டி இறங்கி, நான்கு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சூடே இல்ல ஜூலி! வி-ன்னா வி-தான்!"

"சம்பந்தி இந்நேரம் சர்ச்சுக்குப் போயிருப்பார்," என்றாள் ஜூலியட், சாலையைப் பார்த்தபடி.

அது சுருக்கென்று குத்தியது. அதன் பிறகு அவர் இறங்கவில்லை. ஆனால் காலும் முப்பதுக்கு மேல் அழுத்த மறுத்தது. செம்பனார்கோவில் தாண்டும்போது மணி எட்டு. இன்னும் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. எண்பதை முப்பதால் வகுக்க இயற்பியல் வாத்தியாருக்குத் தாள் தேவையில்லை. வகுத்தார். பத்தே முக்காலுக்குத்தான் போய்ச் சேரலாம். வெள்ளை வேட்டி கட்டிய மாமனாரின் கையில் பேரன் கண்முன் வந்தான்.

"ஜூலி, அவங்களே வாங்கிக்கட்டும்னு போன் பண்ணிடட்டுமா? வண்டியையும்... வித்துடலாம்."

ஜூலியட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதிரே பாதிச் சாலையை மறைத்து உளுந்து. அறுவடை முடிந்த நாட்களில் அந்தப் பக்கத்துத் தார்ச்சாலைகள் எல்லாம் களம்தான். காய்ந்த உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டிகள் ஏறி நெத்து வெடித்து உளுந்து உதிரும். கிளாட்சன் சார் இன்னும் வேகத்தைக் குறைத்தார். பூ மேல் நடப்பது போல் வண்டியை ஏற்றினார். பாதியில், கையில் கழியோடு ஒரு அம்மாள் குறுக்கே வந்து நின்று பானெட்டைத் தட்டினாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

கண்ணாடியை இறக்கினார். "பயப்படாதீங்கம்மா, ஒரு மணிகூட நசுங்காது. மெதுவாத்தான் ஏத்துறேன்."

அந்த அம்மாள் அவரைப் பொருட்படுத்தவில்லை. குனிந்து, அவரைத் தாண்டிப் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ராஜாத்தி..." என்றாள் ஜூலியட் ஈனக் குரலில்.

"என்ன ஜூலியட்டம்மா, இன்னைக்கு டிரைவர் போட்டுக்கிட்டா வந்திருக்கீங்க? செவ்வா, வெள்ளி நீங்க பறந்து வர்ற வேகத்துக்கு ஒரே ஏத்துல நெத்தெல்லாம் வெடிச்சுக் கொட்டிடும். இவரு ஓட்டுனா செடி படுத்துத் தூங்குதும்மா! தாத்தாவை அந்தப் பக்கம் மாறி உட்காரச் சொல்லுங்க!"