கார்பன் அண்ணாச்சியின் பால்கோவா வரி

ஏசி வாங்கப் போன கடையில் ஒற்றை ஸ்டார், மூன்று ஸ்டார், ஐந்து ஸ்டார் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்டார் கூடினால் ஓட்டலில் பில் கூடும். போலீசில் அதிகாரம் கூடும். ஆகவே ஏசியில் கரண்ட் கூடும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். நமக்குச் சிக்கனம்தான் முக்கியம் என்று பெருமையாகச் சொல்லி, குடோனில் தூசி படிந்து கிடந்த ஒற்றை ஸ்டார் ஏசியைத் தேடி எடுக்கச் சொல்லி வாங்கிவந்தேன். கடைக்காரர் வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னவர் கார்பன் அண்ணாச்சி. பூமி சூடாவதைத் தனி ஆளாக நிறுத்திவிடலாம் என்று நம்பியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில், எங்கள் காம்பவுண்டில், என் எதிர்வீட்டில் குடியிருந்தார். ஏசிப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை விரல் வைத்து வாசித்துவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்.

“தம்பி, ஸ்டார் கூடுனா கரண்டு கொறையும். இது தெரியாதா ஒனக்கு?”

“திருப்பிக் குடுத்துரலாமா அண்ணாச்சி?”

“அவன் வாங்குவானா? ஒன்னய மாதிரி ஒருத்தன் வருவான்னு எம்புட்டு வருசமாக் காத்துக் கெடந்தானோ.”

அண்ணாச்சி ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மில்லில் அவரை இரண்டு நாள் மதுரைக்கு, மின்சாரச் சிக்கனமும் கார்பனும் பற்றிய வகுப்புக்கு அனுப்பினார்கள். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர், டீக்கடையில் பாத்திரம் இல்லாமல் எரிந்துகொண்டிருந்த அடுப்பைத் தானே போய் அணைத்தார். சோறோ குழம்போ, மூடி போடாமல் எது கொதித்தாலும் அவருக்குப் பொறுக்காது. அடுத்த வீட்டு அடுப்படிக்குள்ளும் போய் மூடுவார். செட்டியார்பட்டியில் ஒரு சாவு வீட்டில், “எரிக்கப் போறியளா, பொதைக்கப் போறியளா? எரிச்சா எம்புட்டு கார்பன் தெரியுமா?” என்று கேட்டுவிட்டார். இறந்தவரின் மச்சினன்மார் நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அவரைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அதற்கு முன் அந்த ஊரில் உயிரோடு இருப்பவரை யாரும் அப்படித் தூக்கிப்போனதில்லை.

எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு. ஆறுக்கும் சேர்த்து ஒரே மெயின் கேபிள். அதற்கு வயது என்னைவிடக் கூடுதல். கடைசி வீட்டில் செல்வி என்ற பெண் மோட்டார் மிஷினில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். நானும் மாடி வீட்டுப் பட்டாளத்தாரும் மதியம் ஏசியைப் போட்டால், அங்கே மிஷின் முனகிக்கொண்டு நின்றுவிடும். அந்த மே மாதம் அவளுக்குச் செட்டியார்பட்டி கம்பெனியிலிருந்து முதன்முதலாக நேரடி ஆர்டர் வந்திருந்தது. நூறு நைட்டி, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள். நேரத்துக்குக் கொடுத்தால் மாதாமாதம் வேலை. தவறினால் வேறு ஆளிடம் போய்விடும்.

என் மதியத் தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை. ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கி, பைக்கில் ராஜபாளையம் வந்து, சாப்பிட்டு, ஏசியில் தூங்கிவிட்டு, நாலு மணிக்கு மறுபடி கடைக்குப் போவேன். “தூங்குததுக்கு பெட்ரோல் போட்டு வாறவன் இந்தியாவுலயே நீ ஒருத்தன்தாம்ல” என்பார் அண்ணாச்சி. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். “கரிப்புகைய விடுதவன் குடுக்கணும், விடாதவன் வாங்கணும். உலகம் பூரா இதான் பேச்சு.” பதினொன்றிலிருந்து நாலு மணி வரை ஏசி ஓட்டுகிறவர்கள், மணிக்கு நூறு கிராம் பால்கோவா வீதம், ஏசி இல்லாத நாலு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். ராத்திரிக்கும் வரி போடத்தான் நினைத்தார். பட்டாளத்தார் தன்னிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதை நினைவூட்டியதால் பகலோடு நிறுத்திக்கொண்டார்.

“துட்டாக் குடுத்துரலாமே அண்ணாச்சி?” என்றேன்.

“துட்டுன்னா பீரோல வச்சுப் பூட்டிருவிய. பால்கோவான்னா ரெண்டு நாள்ல தின்னுதான் ஆகணும். பதுக்க முடியாது.”

பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வருகிறவன் நான் என்பதால், வரி கட்டுவதோடு அதைச் சுமந்துவரும் வேலையும் எனக்கே வந்தது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை நோய். வரியில் ஒரு துளி அவர் நாக்கில் படாது. ஊழல் புகாருக்கே வழியில்லை. தன் பங்கை அப்படியே செல்வி வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

பத்து நாள் திட்டம் அருமையாக நடந்தது. ஏசியைக் குறைத்து நாங்கள் வியர்த்தோம், செல்வியின் மிஷின் ஓடியது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, பால்கோவாவே விறகு அடுப்புலதான கிண்டுதாக. அந்தப் புகைக்கு யாரு வரி கட்டுவா?” என்று ஒரு கேள்வியைப் போட்டேன். அண்ணாச்சி முகம் இருண்டுவிட்டது. மறுநாளே என் பைக்கில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பால்கோவா கிண்டுகிற இடத்துக்குள் நுழைந்து, வாணலிக்கு மூடி போடச் சொன்னார். கிண்டிக்கொண்டிருந்தவர், “மூடி போட்டா எப்பிடிய்யா கிண்டுதது? பால் எப்பிடி வத்தும்?” என்று நியாயமாகக் கேட்டார். பிறகு கரண்டியோடு எழுந்தார். அன்றைக்கு என் பைக் அடைந்த வேகத்தை அது அதன்பின் அடைந்ததே இல்லை.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூளை வேலை செய்துவிட்டது. “அண்ணாச்சி, ஹாலுக்கு ரெண்டாவது ஏசி ஒண்ணு வாங்க இருந்தேன். பூமிய நெனச்சு விட்டுட்டேன். அந்தக் கார்பன் மிச்சம்தான? அதை என் வரியில கழிங்க.”

அண்ணாச்சி செத்த நேரம் யோசித்தார். மதுரை வகுப்பில், செய்ய இருந்து செய்யாமல் விட்டதற்கும் மதிப்பு உண்டு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். “சரிதான்,” என்று நோட்டில் எழுதிக்கொண்டார். என் வரி ரத்து.

மறுநாள் பட்டாளத்தார், தான் வாங்காமல் விட்ட காரைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூருக்குப் பிளேனில் போகாமல் இருப்பதாகச் சொன்னார். அவர் அதுவரை சிவகாசிக்குக்கூடப் போனதில்லை. என் மனைவி இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, இவுக ரெண்டாங் கல்யாணம் பண்ண இருந்தாக. நான் இருக்கேன்னு பண்ணல. அதுக்கு எம்புட்டு?”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. “இன்னொரு வீடு, இன்னொரு பிரிஜ்ஜு, இன்னொரு மிக்சி…” என்று விரல் மடக்கி எழுதிக்கொண்டார். செல்வி மட்டும் எதையும் எழுதச் சொல்லவில்லை. அவளுக்குத் தைக்கவே நேரம் போதவில்லை.

ஒரே வாரத்தில் எங்கள் காம்பவுண்ட், நோட்டில், கொடைக்கானலைவிடக் குளிர்ந்துவிட்டது. வரி கட்ட யாரும் இல்லை. வாங்காத காரின் புண்ணியத்தில் பட்டாளத்தாரும், கட்டாத பெண்டாட்டியின் புண்ணியத்தில் நானும் மதியம் முழுக்க ஏசியை ஓட்டினோம். கேபிளுக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது. மாதக் கடைசி புதன்கிழமை மதியம், நான் போர்வைக்குள் இருந்தபோது, மீட்டர் பெட்டியிலிருந்து புகை வந்தது.

கேபிள் கருகிவிட்டது. வீட்டு ஓனர் மதுரையிலிருந்து வந்து புதிதாகப் போட்டுத்தர சனிக்கிழமை ஆகும் என்றார். செல்வி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, “இன்னும் முப்பத்திரெண்டு நைட்டி இருக்கு அண்ணே” என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி நோட்டை எடுத்தார். நாங்கள் செய்யாமல் விட்ட நல்ல காரியங்களையெல்லாம் ஒரு முறை வாசித்தார். “நான்தாம்ல முட்டாப்பய,” என்று சொல்லி அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் மில்லிலிருந்து எடுத்துவந்த ஒரு நீளமான பெல்ட். தன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்து டயரைக் கழற்றி, ரிம்மிலிருந்து செல்வியின் மிஷின் சக்கரத்துக்கு அந்தப் பெல்ட்டை மாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏறு.”

வியாழனும் வெள்ளியும் ஜெராக்ஸ் கடை திறக்கவில்லை. நான் மிதித்தேன், செல்வி தைத்தாள். நான் வேகமாக மிதித்தால் நைட்டியின் கழுத்து கோணிக்கொண்டது. களைத்தால் நைட்டிக்குக் கை ஏறவில்லை. “அண்ணே, சீரா மிதிங்க. இத ஒரு பொம்பள போடணும்” என்பாள். எனக்கு மூச்சு வாங்கியபோது பட்டாளத்தார் ஏறி, தனக்குத்தானே லெப்ட் ரைட் சொல்லிக்கொண்டு மிதித்தார். அவர் மிதித்த நைட்டிகளை மட்டும் தனியாக அடையாளம் காணலாம். தையல் அட்டென்ஷனில் நின்றது. என் மனைவி தண்ணீர் செம்போடு வந்து, “டாக்டரு நடக்கச் சொன்னப்ப கேட்டியளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இறங்கியபோது கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. ஏதாவது நல்ல வார்த்தை கிடைக்கும் என்று கேட்டேன். “அண்ணாச்சி, இன்னைக்குப் பூரா நான் மிதிச்சது எம்புட்டு கரண்டுக்குச் சமம்?”

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். “ஒன் ஏசி பத்து நிமிசம் ஓடும்.”

எந்த வகுப்பிலும் எனக்கு எதுவும் இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, நூறு நைட்டியும் என் பைக்கில் செட்டியார்பட்டி போய்ச் சேர்ந்தன. பெட்ரோல் செலவை அண்ணாச்சி எழுதிக்கொள்ளவில்லை. நோட்டை என்ன செய்தார் என்று கேட்டேன். செல்வி அதைக் கிழித்து, கழுத்துக்கு அளவுத்தாள் வெட்டிக்கொண்டாளாம்.

அடுத்த வருடம் மில்லில் அண்ணாச்சியைக் கயத்தாறு பக்கம் தங்கள் காற்றாலையைக் கவனித்துக்கொள்ள அனுப்பினார்கள். போகிற அன்று எல்லா வீட்டு அடுப்படிக்குள்ளும் போய் ஒரு முறை மூடியைச் சரிபார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

போன வாரம் மதியம் படுத்தபடியே அவருக்குப் போன் போட்டேன். செல்விக்கு இப்போது மூன்று மிஷின் என்றேன். கேபிள் புதுசு, நாங்கள் ஏசியை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் மிஷின் நிற்பதில்லை என்றேன். “ஆனா நீங்க இல்லாம காம்பவுண்டே ஒரு மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஏன்னு கேக்க ஆளில்ல. சும்மா ஒங்க குரலக் கேக்கணும்போல இருந்துச்சு.”

எதிர்முனையில் காற்றாலை சுற்றுகிற சத்தம் கேட்டது. என் தலைக்கு மேல் ஒற்றை ஸ்டார் கடகடவென்று இரைந்துகொண்டிருந்தது.

“மொதல்ல ஏசிய அமத்திட்டுப் பேசுல.”