மூலையில் ஓர் ஒட்டகம்

மைச்சொட்டு விழுந்தது விழுந்ததுதான். ஜானுசாக் கைக்குட்டையால் ஒற்றினான். கடுகளவு இருந்தது புளியங்கொட்டை அளவு ஆயிற்று.

அவன் கோக்தால் கலாசார மன்றத்தின் காப்பாளன். மன்றத்தின் ஒரே சொத்து அந்த மைச்சித்திரம்: கோக்தால் ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி, பத்துப் பதினைந்து வீடுகள், அப்பால் வெறும் புல்வெளி. யார் வரைந்ததென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் புதிய மாவட்டத் தலைவர் பெகாய்தார் வந்துகொண்டிருந்தார். படத்தின் மரச்சட்டத்தில் ஊர்ப் பெயரைப் பளிச்சென்று எழுதப்போய் இந்த வினை. தெரிந்தால் வேலை போய்விடும்.

நல்லவேளை, சொட்டு மூலையிலிருந்த ஏதோ கிறுக்கல் மேல்தான் விழுந்திருந்தது. அதற்கு நாலு காலும் இரண்டு திமிலும் வைத்தான். ஒட்டகமாகிவிட்டது.

பெகாய்தார் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். அவருடைய டிரைவரும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒட்டகம் ரொம்ப அழகு," என்றார் பெகாய்தார்.

ஜானுசாக்குக்கு ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. விருந்தாளி மெச்சிய பொருளைக் கொடுக்காமல் அனுப்பினால் ஊருக்கே மானக்கேடு.

"படத்தை நீங்களே எடுத்துக்குங்க ஐயா."

"படம் கிடக்கட்டும். நான் ஒட்டகத்தைச் சொன்னேன்."

"அது... செத்துப்போச்சு ஐயா."

"அடடா. யாரோடது?"

"எங்கப்பாவோடது. அந்த ஏக்கத்துலயே அவரும் போய்ட்டாரு."

வாய் ஏன் இப்படி ஓடுகிறதென்று அவனுக்கே விளங்கவில்லை.

"அப்படின்னா வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்காம எப்படிப் போறது? நட."

கதவைத் திறந்ததே அப்பாதான், கையில் ஆட்டெலும்போடு.

"இவரு?"

"அப்பாவோட தம்பி," என்றான் ஜானுசாக். அப்பா மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

பெகாய்தார் உட்கார்ந்து, உள்ளங்கைகளை ஏந்திப் பிரார்த்தனை சொன்னார். அப்பாவும் எலும்பை வைத்துவிட்டுக் கையேந்தினார். முடிந்ததும் முகத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"பாவம், போனது யாரு?"

"உங்க அண்ணன்."

அப்பா சற்று யோசித்தார். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே," என்று கண்கலங்கினார். பெகாய்தார் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஜானுசாக் வெளியே ஓடி, காரில் சாய்ந்து நின்ற டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஐயாவை எப்படியாவது கிளப்பிட்டுப் போயிருங்க. ஒட்டகத்தைப் பத்தி இன்னொரு கேள்வி கேட்டாருன்னா நான் தொலைஞ்சேன்."

டிரைவர் சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பினார்.

"கேக்காம இருப்பாரா தம்பி? வாலிபத்துல பனியில ரயில் நின்னுபோய் இந்த ஊர்ல மாட்டிக்கிட்டப்ப அந்தப் படத்தை வரைஞ்சதே அவருதான். உன் ஒட்டகம் நிக்கிறது அவரு கையெழுத்து மேல."