காற்றுக்குப் பரிசு வாங்கிய வீடு

அன்புள்ள மச்சானுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது.

நானும் உன் அக்காவும் உடம்பளவில் நலம். உன் நலத்தையும் குழந்தைகள் நலத்தையும் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் இந்த வீட்டுக்குள் வாயைத் திறப்பதற்கில்லை, அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததை ஈரக் குப்பையில் போடப் போகிறாயா, உலர் குப்பையிலா என்று யாராவது அக்கறையாக விசாரித்தால் உஷாராகிவிடு. அவர்கள் அங்கேயும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

என் மகள் எங்களுக்காக இந்த ஆடம்பர அடுக்குமாடியில் வீடு வாங்கி, எங்களைக் குடிவைத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிப் போனது உனக்குத் தெரியும். பசுமைக் கட்டடமாம், அதிலும் உயர்ந்த தரச் சான்று பெற்றதாம். பசுமை என்றால் வாசலில் நாலு செடி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். "கட்டடமே எல்லாத்தையும் யோசிச்சுக்கும்ப்பா, நீங்க சும்மா இருந்தா போதும்" என்றாள். வேலைக்காலம் முழுவதும் கிடங்கு கிடங்காகப் போய்ச் சரக்கிருப்பைச் சரிபார்த்தவன் நான். யாராவது என்னைச் சும்மா இருக்கச் சொன்னால் அந்த இடத்தில்தான் முதலில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பேன். வந்த அன்றைக்கே குளியலறையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது விளக்கு தானாக அணைந்தது. ஆள் இல்லை என்று கட்டடம் முடிவு செய்துவிட்டதாம். அது முதல் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ஒரு கையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. உயிரோடு இருப்பதைக் குளியலறைக்கு நிரூபிக்கிற நிலைமை எந்த மனுஷனுக்கும் வரக் கூடாது மச்சான்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். படுக்கையறை ஜன்னல்தான் என் பொறுமையைச் சோதித்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, ஆனால் திறக்க ஒரு தாழ்ப்பாள் கிடையாது. குளிரூட்டிய காற்று வீணாகாமல் இருக்க அப்படியே அடைத்து வைத்திருக்கிறார்கள். நான் திருப்புளியோடு ஜன்னலை நெருங்க, உன் அக்கா குறுக்கே வந்து நிற்க, பேச்சு தடித்து, அவள் எங்கள் பெரியப்பா வரைக்கும் நான் உங்கள் அப்பா வரைக்கும் இழுத்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன்.

"அப்பா, அம்மாகூட சண்டையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லையே என்றேன். "பொய் சொல்லாதீங்க. பெட்ரூம்ல காத்து கெட்டுப்போச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் முதலில் சந்தேகப்பட்டது உன் அக்காவைத்தான். கண் காட்டினாளா, இடுப்பில் ஏதாவது பொத்தானை அழுத்தினாளா என்று இரண்டு நாள் அவள் பின்னாலேயே திரிந்தேன். பிறகுதான் கதவருகே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை இருப்பதைக் கவனித்தேன். காற்று நன்றாக இருந்தால் அதில் பச்சை இலை தெரியும், மூச்சுக்காற்று சேர்ந்துபோனால் இலை சிவந்துவிடும். மகளுக்குச் செய்தி அனுப்புவது இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஊகத்தை வைத்து முடிவு கட்டுகிறவன் நானில்லை. உன் அக்கா கீழே தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய மேலதிகாரியை மனதில் நிறுத்தி, துணி அலமாரியைப் பார்த்து முழு மூச்சாகக் கத்தினேன். அந்த ஆளிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. இலை மெல்ல மெல்லச் சிவந்தது. மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா கீழே இறங்கிட்டதா கதவு சொல்லுதே. நீங்க யார்கூட சண்டை போடுறீங்க?"

காற்றும் சொல்கிறது, கதவும் சொல்கிறது. இந்த வீட்டில் சொல்லாதது நான் ஒருவன்தான் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். பேச்சை நிறுத்தினேன். காப்பி வேண்டுமா என்று உன் அக்கா கேட்டால் தலையாட்டல், மழை வருமா என்றால் கைவிரிப்பு. மூச்சைக்கூட அளந்து விட வேண்டி, பகலெல்லாம் பால்கனியிலும் நடைக்கூடத்திலும் கழித்தேன். காரணத்தை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பாய். காற்றை முகர்கிற பலகை பேச்சை ஒட்டுக் கேட்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவள் முதலில் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், பிறகு கோபித்துக்கொண்டாள், கடைசியில் அவளும் பேசுவதை விட்டுவிட்டாள். இலை மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது.

நேற்று முன்தினம் வாசல் மணி அடித்தது. குடியிருப்போர் சங்கத் தலைவரும் கட்டடப் பராமரிப்பு மேலாளரும் பூச்செடியோடு நின்றார்கள். தலைவர் பல் மருத்துவர். வாயிலிருந்து வரும் காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை. இந்தக் கட்டடத்திலேயே சுத்தமான காற்று எங்கள் வீட்டில்தான் என்று கருவிகள் சொல்கின்றனவாம், இந்த வருடப் பரிசு எங்களுக்காம். எப்படிச் சாதித்தீர்கள் என்று மேலாளர் பெண் உன் அக்காவைக் கேட்டாள்.

உன் அக்கா பூச்செடியை வாங்கித் தரையில் வைத்தாள். "காத்து நல்லாத்தாம்மா இருக்கு. இவர் என்கிட்ட பேசி ஒரு மாசம் ஆச்சு" என்றாள்.

பல் மருத்துவர் கூரையைப் பார்த்தார். வந்தவர்கள் போனதும், பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை, படிக்க மூக்குக்கண்ணாடியும் போடவில்லை. "அங்கயும் இப்படித்தான் இருப்பீங்கன்னா நான் எதுக்கு வரணும்? நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் மச்சான். இலை பச்சையாகவே இருக்கும் அளவுக்கு அமைதியாகச் சொன்னாள். அதுதான் என்னைக் கலங்கடித்துவிட்டது.

ஆகையால் நீ உடனே புறப்பட்டு வா. சாமான் ஏற்ற ஒரு வண்டியும் பேசிக்கொண்டு வா. உன் அக்காவைத் தெருவுக்கு அழைத்துப் போய், நான் பேசாததெல்லாம் அவள் மேல் கோபத்தால் இல்லை, சுவர் மேல் இருந்த சந்தேகத்தால்தான் என்று எடுத்துச் சொல். லிப்டில் சொல்லாதே. அதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, ஜன்னல் திறக்கிற வீடுகளில் வாழட்டும்.

இப்படிக்கு,
உன்னை மட்டும் நம்பும்
அத்தான்

பின்குறிப்பு: வண்டி வேண்டாம், நீயும் வர வேண்டாம். உறையை ஒட்டும்போது உன் அக்கா வந்து, யாருக்கு இது என்று கேட்டாள். பதில் சொல்லாமல் கையைப் பிடித்து, தெரு முனைப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட்டிப்போய், அங்கே வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்த சிரிப்பில், நாங்கள் ஏறப்போகிறோம் என்று நினைத்து ஒரு பேருந்து நின்றுவிட்டுப் போனது. பரிசைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். மேலாளர் பெண் விவரம் கேட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் காற்றுத் தரக் கண்காணிப்புக் குழுவில் போட்டுவிட்டாள், கழுத்தில் மாட்ட அட்டைகூடக் கொடுத்தாள். நல்ல கட்டடம் மச்சான், நீயும் இங்கே ஒரு வீடு பார்க்கலாம். ஆனால் ஆறாம் மாடியில் ஒரு புதுக் கணவன் மனைவி இருக்கிறார்கள். பதினைந்து நாளாக அவர்கள் வீட்டில் காற்று ரொம்ப ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம். எனக்கு அது கொஞ்சமும் சரியாகப் படவில்லை. சாயங்காலம் நானும் உன் அக்காவும் போய்க் கதவைத் தட்டப் போகிறோம்.