பாப்பாவுக்கு நான் வைத்த பேனர்

எங்கள் பக்கத்தில் பேனர் வைக்காத விசேஷம் நடந்த கணக்கிலேயே வராது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் முதலில் பிளெக்ஸ் கடைக்குத்தான் ஓடுவோம். சமையல்காரரைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். அதிலும் காதுகுத்து என்றால் தாய்மாமன் படம்தான் பெரிதாக இருக்கும். காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தை ஏதாவது ஒரு மூலையில் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும். நான் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் யாருக்கும் தாய்மாமன் ஆகாமல் இருந்தவன். பேனர் ஆசை எனக்குள் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதை இந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் குமரேசன். திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே அக்கா, தனம். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள், மாமாவுக்கும் அங்கேதான் வேலை. அவர்களுக்குக் குழந்தை நிற்கவில்லை. நல்ல செய்தி என்று போன் வரும், சில வாரத்தில் அக்காவின் குரல் இல்லாமல் மாமாவின் குரலில் இன்னொரு போன் வரும். இப்படிப் பல தடவை ஆனபிறகு, இனி உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவும் மாமாவும் தத்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள். நம் நாட்டுக் குழந்தைதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள்.

அந்த நாட்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து சமையலறையிலிருந்து சண்டை போடும் வழக்கம் வரை கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். (கல்யாணத்துக்கு முன்னால் மாமாவைப் பற்றி நாங்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.) அப்புறம் வருஷக்கணக்கில் காத்திருப்பு. கடைசியில், எங்கேயோ வடக்கே கிடைக்கும் என்று நினைத்த குழந்தை, விழுப்புரம் பக்கத்தில் ஒரு இல்லத்தில் கிடைத்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை. கடல் தாண்டிப் போன அக்காவுக்கு, எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் சீட்டு கிடைப்பதற்குள் வந்துவிடுகிற தூரத்தில் பிள்ளை. பெயர் மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பட்டது போதும். பாப்பா என்றே வைத்துக்கொள்வோம்.

"போட்டோ அனுப்பறேன்டா, யாருக்கும் காட்டாத" என்றாள் அக்கா. "பேப்பரெல்லாம் முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லவும் கூடாது. நாங்க வந்தா, பாஸ்போர்ட் கெடைக்கற வரைக்கும் பாப்பாவோட ஒன் வீட்லதான் இருக்கப்போறோம். அதனால இல்லத்துலேர்ந்து ஒரு மேடம் ஒன் வீட்டப் பாக்க வருவாங்க. வீடு எப்படி, மனுஷங்க எப்படி, கொழந்தைய நம்ம சனம் மனசார ஏத்துக்குமான்னெல்லாம் பாப்பாங்க. ஒழுங்கா நடந்துக்கடா சாமி."

நான் கேட்டதில் கடைசி வரி மட்டும்தான் மண்டையில் நின்றது. மனசார ஏத்துக்குமா என்று பார்க்க வருகிறார்களா? அட, அதை ஊரறியக் காட்டிவிட வேண்டியதுதானே!

பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பிரபு என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். 'யாருக்கும்' என்று அக்கா சொன்னதில் அவன் சேரமாட்டான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். என் மனைவி சங்கீதா மட்டும், "அண்ணி வேணாம்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு இந்த வேல?" என்று கேட்டாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். (அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பயன்படுத்தியதில்லை.)

பேனர் தயாரானது. வலதுபக்கம் ஆள் உயரத்துக்கு நான், கறுப்புக் கண்ணாடி போட்டு நெஞ்சில் கைவைத்தபடி. எனக்குப் பின்னால் ஒரு சிங்கம். இடதுபக்கம் பாப்பா, பூவட்டத்துக்கு நடுவில். "அயர்லாந்து ஆளப்போகும் எங்கள் குட்டி இளவரசியே வருக! உன் வரவை நோக்கும் தாய்மாமன்." கீழே என் சிநேகிதர்கள் எல்லாரும் ஸ்டாம்பு அளவில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்று போதாதென்று இரண்டு அடிக்கச் சொன்னேன். மேடம் வரும் அன்று காலையில் ஒன்றைத் திண்டிவனத்தில் எங்கள் தெருமுனையிலும், இன்னொன்றை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் கட்டினோம். மேடம் விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது ஒரு தடவை, எங்கள் ஊரில் இறங்கி வரும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று திட்டம்.

திட்டம் பிசகவே இல்லை. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

கலைவாணி மேடம் வாசலிலேயே நின்றார். சங்கீதா நாற்காலி போட்டாள், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை.

"அந்த பேனர் யார் வெச்சது?"

"நான்தான் மேடம்" என்றேன், காலரை இழுத்துவிட்டுக்கொண்டு. "டிசைனும் நான் சொன்னதுதான்."

"கொழந்தையோட போட்டோவ வெளியில காட்டறதே சட்டப்படி தப்பு, தெரியுமா சார்? இதுக்காகவே இந்தத் தத்த நிறுத்தி வெக்கலாம்."

சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டது, கழற்றத் தெரியவில்லை. "நல்ல எண்ணத்துலதான் மேடம்... ஆசையில..."

"ஒங்க ஆச சரி. இந்தக் கொழந்தையப் பெத்தவங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது மேடம்."

"எனக்குச் சொல்ல அனுமதி இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. என்ன கஷ்டமோ, யாருக்கும் தெரியாம குடுத்துட்டுப் போயிருப்பாங்க. நாளைக்கு பஸ்ஸ விட்டு எறங்கறப்ப, எதிர்ல அவ்ளோ பெருசா அந்த மொகத்தப் பாத்தா அவங்க என்ன ஆவாங்க? ஏன் அழறேன்னு கூட வர்றவங்க கேட்டா என்ன பதில் சொல்லுவாங்க?"

நான் அப்படி ஒருத்தி இருப்பாள் என்றே நினைத்துப் பார்க்கவில்லை. பாப்பா ஏதோ இல்லத்திலேயே முளைத்தவள் மாதிரி, அவள் கதை என் பேனரிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி இருந்துவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

"ரெண்டையும் எறக்கி, கொழந்த படத்த எங்கிட்ட கொண்டாந்து குடுங்க. நான் மேல சொல்லித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்க்காமலே போய்விட்டார். பாப்பாவுக்கென்று சங்கீதா வாங்கிவைத்திருந்த சின்னக் கட்டில், வெள்ளையடித்த அறைக்குள் அப்படியே கிடந்தது.

அக்காவுக்கு நானே போன் செய்து சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "டேய், எனக்கு இதுதான்டா கடைசி. இதுவும் போச்சுன்னா இன்னொரு வாட்டி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். வைத்துவிட்டாள்.

தெருமுனை பேனரை அவிழ்க்க ஏறினேன். ஏற்றும்போது யாரும் கண்டுகொள்ளவில்லை, இறக்கும்போது மட்டும் ஊரே கூடிவிட்டது. "என்னா குமரேசு, ஃபங்ஷன் கேன்சலா?" என்றார் டீக்கடைக்காரர். "யார் வூட்டு கொழந்தப்பா இது?" என்றார் இன்னொருவர். நான் பாப்பா முகத்தை உள்பக்கம் வைத்துச் சுருட்டினேன்.

பிரபுவின் பைக்கில் விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைப் பார்த்துக்கொண்டே போனேன். களையெடுத்துவிட்டு வருகிறவர்கள், துணிக்கடையில் நின்று வேலை பார்ப்பவர்கள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறவர்கள். இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒருவேளை அவள் பார்த்துவிட்டிருந்தால், நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது? அவளிடம் கேட்கவும் வழியில்லை.

விழுப்புரத்தில் இறங்கினால், கட்டின இடத்தில் கொம்பு மட்டும் நின்றது. பேனரைக் காணோம்.

பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர், "காத்துல அறுந்து உழுந்துச்சுபா. ஒரு பொம்பள மல்லாட்டை காய வெக்க ஆவும்னு மொபெட்டுல வெச்சிக்கினு ஜல்தியா பூட்டுச்சி" என்றார். பைபாஸுக்கு அந்தப் பக்கம் அவள் எந்த ஊர் என்றும் சொன்னார். (வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம்.)

விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். களத்தில் என் பேனர் விரித்திருந்தது. மேலே மல்லாட்டை குவிந்துகிடந்தது. அதற்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடியின் பாதியும், நெஞ்சில் வைத்த கையும், சிங்கத்தின் ஒரு காதும் தெரிந்தன. ஓடினேன்.

"யோவ், ஆருய்யா நீ? மிதிக்காத!" என்று முறத்தோடு எழுந்து வந்தாள் அந்த அம்மா. என்னைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "அட, இது நீயா? போட்டோவுல நல்லாகீறியே."

பிரபு திரும்பி நின்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "யக்கா, இதுல ஒரு கொழந்த படம் இருந்துச்சே?"

"இருக்குது, அத மடிச்சி அடியில வுட்டுட்டேன். பச்சப் புள்ள மூஞ்சி மேல எப்பிடி கொட்டறது? அதான் ஒன் மூஞ்சி மேல கொட்டிக்கினுகீறேன்."

விஷயத்தைச் சொன்னேன். பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. படம் வெளியில் தெரியக்கூடாது, தெரிந்தால் ஒரு குழந்தைக்கு வீடு இல்லாமல் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"மழ வர்ற மாதிரி இருக்குது. முழுசா குடுத்துட்டு நான் எதுல கொட்டி வாருவேன்? புள்ளய அறுத்து எடுத்துக்கினு போ. நீ இங்கயே கெட."

அப்படியே செய்தோம். அரிவாளை அவளே எடுத்துவந்து, பாப்பா முகத்தில் படாமல் பதமாக அறுத்துக் கொடுத்தாள். சுருட்டிக் கொண்டுவந்திருந்த தெருமுனை பேனரிலும் அப்படியே அறுத்து, இரண்டு துண்டுகளையும் இல்லத்தில் ஒப்படைத்தேன். கலைவாணி மேடம் வாங்கி உள்ளே வைத்தார். உள்ளே எங்கேயோ பிள்ளைகள் சாப்பிடும் சத்தம் கேட்டது. அதில் பாப்பாவும் ஒருத்தி. நான் செய்த கூத்துக்கு அவள் அங்கேயே இருந்துவிட நேருமோ என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பெரிய பேஜாராகப் போயின. அக்கா சங்கீதாவின் போனுக்கு மட்டும் பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிப் பேச்சைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வேன். கடையில் ஒருத்தருடைய மோட்டாருக்குக் காயிலைத் தப்பாகக் கட்டி, புகை வந்ததுதான் மிச்சம். கோயில் குளம் என்று போகிற ஆளில்லை நான், திருவக்கரைக்குப் போய் அம்மன் முன்னால் நின்றேன். அக்கா வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டுவிடாதே என்று வேண்டினேன்.

கடைசியில் கலைவாணி மேடமே மறுபடி வந்தார். இந்தத் தடவை வீட்டைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், சங்கீதாவிடம் நிறையப் பேசினார். எச்சரிக்கையோடு விட்டிருக்கிறார்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, பாப்பாவைக் கூட்டிவரும் அன்று நான் இல்லத்துப் பக்கமே வரக்கூடாது. "ஒங்கள நம்ப முடியல சார்" என்றார். நியாயம்தான்.

அக்காவும் மாமாவும் வந்து, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கியபோது, மாலையில்லை, வெடியில்லை, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அக்கா தோளில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். "பாப்பாவுக்கே தெரிஞ்சிடுச்சு பாரு, நீ யாருன்னு" என்றாள் அக்கா. பல வாரத்துக்கு அப்புறம் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் சந்தோஷத்தோடு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

இப்போது பாப்பாவுக்கு எட்டு வயது. எல்லா உரிமையும் வந்தாகிவிட்டது, படத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். ஆனாலும் அக்கா எனக்கு அனுப்புகிற படத்திலெல்லாம் பாப்பா திரும்பித்தான் நிற்பாள். பள்ளி விழா, கடற்கரை, பிறந்தநாள் எல்லாவற்றிலும் எனக்குக் கிடைப்பது இரண்டு சடை மட்டும். சொந்தக்காரர்கள் வீட்டில் பெண் பார்த்தாலும், யாராவது முழுகாமல் இருந்தாலும் சேதி எனக்குக் கடைசியாகத்தான் வரும். "குமரேசுக்குச் சொல்லிடாதீங்க, கொம்பு நட்டுடுவான்" என்பார்கள்.

பாப்பாவுக்கு அவள் வந்த கதை முழுக்கத் தெரியும். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. என் மூஞ்சியில் மல்லாட்டை கொட்டிய இடம் வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். போன மாதம் வீடியோ காலில், சிரித்து முடித்துவிட்டுச் சட்டென்று கேட்டாள்.

"மாமா, என்னப் பெத்த அம்மா அந்த பேனரப் பாத்திருப்பாங்களா?"

அக்கா பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"தெரியாதுடா பாப்பா" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை.

கொஞ்சம் யோசித்தாள். "பாத்திருந்தா நல்லாருக்கும் மாமா. என்ன யாரோ ரொம்ப ஆசையா கூட்டிட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சிருக்கும்ல அவங்களுக்கு?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சங்கீதா போனை வாங்கிக்கொண்டாள்.

"என்னாடி, அழறானா?" என்று அக்கா கேட்டாள். அவள் குரலும் சரியாக இல்லை.

"ஆமா அண்ணி, தேம்பித் தேம்பி."

"ஒரு போட்டோ எடுத்து வை. இந்த வாட்டி நாங்க பேனர் வெக்கறோம்."