முதலாளியம்மாவுக்குப் புல்லாங்குழல்

பாசத்திலும் கோபத்திலும் எனக்குக் குறை வைக்காத அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். மகள் அதற்கும் மேலே. அங்கே உன் முழங்கால் வலியும் மாமாவின் குறட்டையும் கொஞ்சமாவது மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் நீ தொலைபேசியில் என்னைக் கிழித்த கிழியில் எனக்குக் காது இன்னும் அடைத்துக்கொண்டு இருக்கிறது. "கண்ணை மூடிக்கிட்டா வேலை பாக்குற? சீரியல்ல அந்த முதலாளியம்மா ராட்சசி உள்ளே வர்றா, புல்லாங்குழல் ஊதுது. சின்ன மருமக பாவம், டீ கொண்டு வர்றா, இடி இடிக்குது. டீயில விஷம் வெச்சிட்டான்னு பயந்து நான் மாத்திரை போட மறந்துட்டேன்" என்றாய். மாத்திரைக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாய். நடுவில் பேச நீ இடம் கொடுக்க மாட்டாய் என்பதால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

உன் தம்பி அந்த டீவி தொடருக்குப் பின்னணி ஒலி சேர்க்கிறவன் என்று தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொள்கிறாயே, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? வீட்டுப் பின்னறையில் என் கம்ப்யூட்டரில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்றில் இடி, முரசு, கண்ணாடி உடைகிற சத்தம். இன்னொன்றில் புல்லாங்குழல், வீணை, குருவி. நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற பெண் வந்தால் முதல் பெட்டி. முகத்தை மூன்று தடவை நெருக்கிக் காட்டுவார்கள், நானும் மூன்று தடவை இடிக்க வேண்டும். நின்றுகொண்டே கண்ணைத் துடைக்கிற பெண் வந்தால் இரண்டாவது பெட்டி. ஆண் முதலாளி வந்தால் எதுவுமே கிடையாது, கதவு திறக்கிற சத்தம் மட்டும். இது டைரக்டர் வகுத்த சட்டம். நான் சம்பளத்துக்கு இடிக்கிறவன், அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் உன் மருமகள், அதாவது என் மகள், பள்ளிக்கூடத்து மாணவர் தலைவர் தேர்தலுக்குப் பேர் கொடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்களும் கொடுத்தார்கள். மறுநாள் வகுப்பில் எழுந்து, ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் உள்ள குழாய் உடைந்து தண்ணீர் வீணாகிறது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பின் பெஞ்சிலிருந்து "டடாங்" என்று ஒரு சத்தம். என் இடியேதான். அப்புறம் நடையில் போனால் டடாங், படியேறினால் டடாங், "முதலாளியம்மா வர்றாங்க, வழி விடுங்கடா." மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பேரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் இவளும் சாப்பிட உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடியே, "நானும் பேரை எடுத்துட்டேன்பா. துணைத் தலைவி போதும். அதுக்கு யாரும் சத்தம் போட மாட்டாங்க" என்றாள். என் வீட்டுக்காரி என் பக்கம் மட்டும் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

அடுத்த நாள்தான் அந்தத் தவறு நடந்தது. எனக்குச் சளி, அதற்கு ஒரு மருந்து, மருந்தினால் மயக்கம். மயக்கத்தில் பெட்டி மாறிப்போய்விட்டது. சத்தியமாகக் கவனக்குறைவு. ஒளிபரப்பானதும் டைரக்டர் போனில் கத்தினார், உன்னைவிடக் கொஞ்சம் மரியாதையாக. ஆனால் ஒரு வேடிக்கை பார். இடி இல்லாததால் அந்த முதலாளியம்மா என்ன பேசுகிறாள் என்று அன்றைக்குத்தான் ஊருக்கே காதில் விழுந்தது. "பழுதான மெஷின் பக்கத்துல யாரையும் நிக்க வைக்காதீங்க. முதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் வேலை." இவ்வளவுதான் சொல்கிறாள். இதற்கா இத்தனை வருஷம் நாம் பல்லைக் கடித்தோம்? என் மகள் டீவிக்கு எதிரே உட்கார்ந்து, "அந்தம்மா சரியாத்தானேப்பா சொல்றாங்க?" என்றாள். அந்தக் காட்சிதான் அவள் மனதை மாற்றியிருக்க வேண்டும், மறுபடி போட்டியில் நின்றுவிட்டாள். சின்ன மருமகள் எப்போது விஷம் வைப்பாள் என்று ஊரே காத்திருந்ததில் தொடரைப் பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள். டைரக்டரும் இப்போது அது தன் யோசனை என்றே சொல்லிக்கொள்கிறார்.

நேற்று வேட்பாளர்கள் பேசும் நாள். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் சிவந்திருக்கிறது. எதிர் வேட்பாளன் கால்பந்து அணியின் கோல்கீப்பர், சிரித்துக் கையாட்டியே பாதி ஓட்டு வாங்கிவிட்டான். இவள் மேடையேறியதும் பின்னாலிருந்து டடாங். இவள் மைக்கைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்: "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. எங்க வீட்டுல மூணு தடவை போடுவாங்க. முடிச்சிடுங்க, நான் காத்திருக்கேன்."

கூடமே சிரித்தது. பின் பெஞ்சுப் பையன்களுக்கு இரண்டாவது இடி வாயை விட்டு வரவில்லை. இவள் குழாயைப் பற்றிப் பேசினாள், பெண்களுக்கும் மைதானம் கேட்டாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே குரலாய் டடாங், டடாங் என்று எழுந்தது பார், என் வாழ்நாளில் அப்படி ஓர் இடியை நான் சேர்த்ததில்லை. பின் பெஞ்சுக்காரர்களும் கடைசியில் அதில் கலந்துகொண்டார்கள். சாயங்காலமே ஓட்டு எண்ணினார்கள். ஜெயித்துவிட்டாள், அக்கா. தலைவி. துணை கிணையெல்லாம் இல்லை.

உன் ஆசீர்வாதத்தை அவளுக்குத் தனியாக அனுப்பு. மாமாவுக்கு என் வணக்கம். மாத்திரையை நேரத்துக்குப் போடு.

இப்படிக்கு,
கவனக்குறைவான தம்பி

பின்குறிப்பு: அத்தை, நான்தான் எழுதறேன். தபால்ல போடச் சொல்லி அப்பா என்கிட்ட குடுத்தாரு, படிச்சிட்டேன். சளியும் இல்ல, மருந்தும் இல்ல. அன்னிக்கு தண்ணி கொண்டு போனப்போ பின்னறை வாசல்ல நின்னு பாத்தேன். அந்தம்மா உள்ளே வர்ற இடத்துல இடியை எடுத்துட்டு ஒவ்வொரு குழலா வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. "இது என் பொண்ணுக்குப் பத்தாது"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. டீவியில வர்றதுக்கு முன்னாடியே நான் போய்த் தேர்தலுக்குப் பேரை மறுபடி குடுத்துட்டேன். நான் பாத்தது அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க, கவனக்குறைவாவே இருக்கட்டும்.