சாளரத்தடிகளின் இரண்டாம் பதிப்பு

காப்பியத்தின் மேல் காப்பி கொட்டிவிட்டது.

அகராதி அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. ‘காப்பியம்’ அட்டையில் பொருள் தப்பித்தது. அதன் கீழே இருந்த ‘சொற்பிறப்பு’, ‘ஆதாரம்’ இரண்டும் கரைந்து பழுப்பாக ஓடின. கொட்டியவள் உதவியாசிரியை. ஆறு வருடமாகத் தற்காலிகப் பணி. அதனால் எல்லாருக்கும் அவள் ‘தற்காலிகம்’. அவளை நிரந்தரமாக்கும் தாளில் ஆசிரியர் ஐயா அன்று மாலைதான் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

“கொட்டுறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?” என்றார் பக்கத்து மேசைப் பிழைதிருத்துபவர். விட்டுப்போன ஒற்றெழுத்துகளை மோப்பம் பிடிப்பதால் அவருக்கு ‘ஒற்றர்’ என்று பெயர்.

“படிக்கலாம்னுதான் காப்பியோட உட்கார்ந்தேன்.”

“கிடங்கு அக்காகிட்ட நகல் இருக்கும், கேளுங்க.”

கேட்டாள். “இருக்கும். எப்பக் கிடைக்கும்னு மட்டும் கேக்காதே, கண்ணு” என்று கிடங்கு அக்கா ஏணியில் ஏறினாள். பக்கமோ நான்கு மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும்.

தற்காலிகம் துணிந்து பேனாவை எடுத்தாள். ‘காப்பு + இயம்: மனத்தைக் காக்கும் இசை’ என்று எழுதினாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பிரிக்கத் தெரிந்த கைக்கு எந்தச் சொல்தான் பிரியாது?

ஒற்றர் எட்டிப் பார்த்தார். “வடசொல்லுன்னுல்ல சொல்வாங்க? சரி, ஆதாரம் எங்க? யார் சொன்னதுன்னு போடாம ஐயா விடமாட்டார்.”

அவள் நிமிர்ந்தாள். எதிரே சன்னல் திறந்திருந்தது. சன்னலுக்கு நல்ல தமிழ் சாளரம். ‘சாளரத்தடிகள்’ என்று எழுதிவிட்டாள்.

“யாரு இவரு?”

“பழைய ஆளு.”

ஆசிரியர் ஐயாவின் அகராதியிலேயே ‘தெரியாது’ என்ற சொல் கிடையாது. அவள் நீட்டிய அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“சாளரத்தடிகளா!” அவர் குரல் தழுதழுத்தது. “எங்க ஆசானுக்கே ஆசானாச்சே! ஆனா அம்மா, அவர் இதை ஒத்துக்கலையே. வடசொல்தான்னு சாதிச்சவராச்சே!”

இல்லாத மனிதர் தனக்கு எதிராகவே சாட்சி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“முதல்ல அப்படித்தான் சொன்னார், ஐயா. ரெண்டாம் பதிப்புல மாத்திக்கிட்டார்.”

“அப்படியா? என்கிட்ட முதல் பதிப்புதான் இருக்கு. அந்த ரெண்டாம் பதிப்பைக் கொண்டா, பார்க்கலாம்.”

“அது... செல்லரிச்சுப் போச்சு, ஐயா.”

“அடடா! எதுவுமே மிஞ்சலையா?”

“மேலட்டை மட்டும்...”

“போதும்! அதுல அவர் படம் இருக்குமே. நம்ம அகராதியோட முதல் பக்கத்துல போட்டுடுவோம்!”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் ஒற்றரிடம் ஓடினாள்.

“எங்க மாமனார் படம் ஒண்ணு இருக்கு. நல்ல தாடி” என்றார் அவர்.

“ஐயாவுக்கு அவரைத் தெரியாதே?”

“நேத்துகூட ரெண்டு பேரும் சதுரங்கம் ஆடினாங்க.”

மணி மூன்றரை. ஐயாவின் அறையில் அச்சுக்கூடத்து ஆட்கள் கூடி நின்றார்கள். “அடிகளோட காலை நானே பிடிச்சுவிட்டிருக்கேன். இடது கால்ல ஆறு விரல்!” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாவது விரலோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக்கு ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இந்த அடிகளைத் தேர்வில் எழுதும் என்று நினைத்தபோது உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வேலை போனால் போகட்டும்.

“மன்னிக்கணும், ஐயா. அப்படி ஒருத்தரே இல்ல. சன்னலைப் பார்த்து நான் வச்ச பேரு.”

ஐயாவின் முகம் சிவந்தது.

“இல்லாத ஆளை ஆதாரமாக் காட்டுறதா? நாப்பது வருஷத்துல இந்த அலுவலகத்துல இப்படி ஒரு அக்கிரமம் நடந்ததுண்டா?” நிரந்தரத் தாளை எடுத்தார். கிழிக்க வாகாக இரண்டாக மடித்தார்.

அப்போது தலையெல்லாம் தூசியோடு கிடங்கு அக்கா உள்ளே வந்தாள்.

“நகல் கிடைச்சிடுச்சுங்க! ஐயா தற்காலிகமா இருந்தப்பத் தன் கையாலயே எழுதின அட்டை. ஆதாரம், ‘நாற்காலியார்’னு போட்டிருக்கு. யாருங்கய்யா அவரு?”